ஒன்றரை ஷிப்டுக்குள் ஒரு புத்தாண்டு

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், புத்தாண்டு உறுதிமொழிகளுக்கான அறிவுரைகள் வரிசைகட்டி வந்துவிடும். காலை நான்கு மணிக்கு எழுந்திருங்கள், ஒரு மணி நேரம் நடங்கள், அரை மணி நேரம் தியானம் செய்யுங்கள், அரை மணி நேரம் படியுங்கள், இரவில் அரை மணி நேரம் நாட்குறிப்பு எழுதுங்கள். அவற்றைப் படிக்கும்போதே என் மனம் கூட்டல் போடத் தொடங்கிவிடும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதுவது என் வேலை. அடுத்தவர்களின் மணிக்கணக்கைக் கூட்டிக் கூட்டிப் பழகியவள். அந்த அறிவுரைகளை எல்லாம் கடைப்பிடிக்க நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரமாவது வேண்டும். எங்கள் ஊரில் அந்த இரண்டரை மணி நேரத்தை யார் வைத்திருக்கிறார்கள்?

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை 8.30 மணிக்குத் தொடங்கி மாலை 5.30 வரை பார்த்தால் ஒரு ஷிப்ட். வேலை நெருக்கடியான நாட்களில் அது இரவு 8.30 வரை நீண்டு ஒன்றரை ஷிப்ட் ஆகும். சனிக்கிழமை வாரச் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் பார்த்த பெண் வீடு போய்ச் சேரும்போது மணி ஒன்பதே கால் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு சமையல், பாத்திரம், பிள்ளையின் வீட்டுப்பாடம், மறுநாள் சோற்றுக்கான ஏற்பாடு. தலை சாய்க்கும்போது பதினொன்று. எழுந்திருப்பது ஐந்தரைக்கு.

இப்படி வாழ்கிறவர்களுக்கும் ஒரு புதிய தொடக்கம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவர்களுக்கான பழக்கம் புதிதாக நேரம் கேட்கக் கூடாது. நாளுக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். நானும், தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் எங்கள் செக்கிங் பகுதிப் பெண்கள் சிலரும் இந்த முறையில்தான் பழக்கங்களை உண்டாக்கிக்கொண்டு வருகிறோம். அவற்றில் நிலைத்தவை எவை, ஏன் நிலைத்தன என்பதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தையல் பகுதியில் ஓவர்லாக் மெஷினில் நூல் கோன் தீரப்போகிறது என்றால், மெஷினை அவிழ்த்து முதலிலிருந்து நூல் கோத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பழைய நூலை மேலே வெட்டி, அதன் நுனியில் புதுக் கோனின் நூலை முடிச்சிட்டு மெதுவாக இழுப்பார்கள். வளைந்து நெளிந்து போகும் அந்த வழி முழுவதும் புது நூல் பழைய நூலைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். ஊசிக் கண்ணருகே வரும்போது மட்டும் முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோப்பார்கள். புதிய பழக்கத்தையும் இப்படித்தான் போட வேண்டும். பஸ், டீ, சம்பளம், விளக்கணைப்பு என்று தினமும் ஓடும் நூல்கள் நம்மிடம் இருக்கின்றன. முடிச்சிட வேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வைத்தால் போதும்.

முதலில் தொடங்கும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் தேதி எங்கள் ஊருக்கு ஒத்துவருவதில்லை. பொங்கல் விடுமுறைக்கு முன் சரக்கை அனுப்பிவிட வேண்டும் என்று கம்பெனி முழுவதும் பறக்கும். ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடும். மதுரை, தேனி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் ஊர் போகும் டிக்கெட்டுக்கு அலைவார்கள். இந்த நேரத்தில் "நாளை முதல் தினமும் நடக்கப் போகிறேன்" என்று ஒருத்தி முடிவெடுத்தால், நான்காம் நாள் அவள் உடம்பு மறுத்துவிடும். அதைத் தன் சோம்பல் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதுதான் எனக்குப் பொறுக்காது. தவறு அவளிடம் இல்லை. நாள் பார்த்த விதத்தில் இருக்கிறது.

ஆகவே ஜனவரி ஒன்று முதல், பொங்கலுக்கு முந்தைய நாளான காப்புக்கட்டு வரை நாங்கள் எதையும் தொடங்குவதில்லை. அந்த நாட்களில் கவனிப்பது மட்டும்தான் வேலை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், அன்று எந்த நேரம் எதில் போனது என்று நான்கைந்து வரி எழுதுவோம். எத்தனை டீ, தண்ணீர் எப்போது குடித்தோம், பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றோம், படுத்த பிறகு எவ்வளவு நேரம் போனைப் பார்த்தோம், கையிலிருந்து எவ்வளவு காசு போனது. எழுதிய தாள்களை ஒரு ரப்பர் பேண்டில் கட்டிவைத்தால் போதும். அவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எங்கே முடிச்சுப் போடலாம் என்பது தெரிந்துவிடும்.

மார்கழி கடைசி நாள் கொங்கு நாட்டு வீடுகளில் காப்புக்கட்டு. அதற்குள் வெள்ளையடித்து, வேண்டாததைக் கழித்து, வீட்டைக் கழுவி முடித்திருப்போம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசலிலும் கூரை முகப்பிலும் தோட்டத்திலும் செருகுவோம். வீட்டையே புதிதாக்கிவிட்ட அந்த மாலையில், தொடங்கப்போகும் ஒரே ஒரு பழக்கத்தை முடிவுசெய்வது இயல்பாகவே அமைகிறது. மறுநாள் தை ஒன்று, விடுமுறை, ஓய்ந்த உடம்பு. தொடங்க அதைவிடத் தோதான நாள் எனக்குத் தெரியவில்லை.

தையில் முடியாமல் போனால் தைப்பூசம் இருக்கிறது, சித்திரை ஒன்று இருக்கிறது, ஆடிப்பெருக்கு இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் இருக்கிறது. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரைஸ் என்ற மூவர் 2014இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆண்டின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் வாரம், மாதம் பிறக்கும்போதும், பிறந்தநாளை அடுத்தும் மக்கள் உடற்பயிற்சி போன்ற நல்ல காரியங்களில் கூடுதலாக இறங்குகிறார்கள். ஜனவரியைத் தவறவிட்டவர்கள் அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

எத்தனை நாள் விடாமல் செய்தால் ஒன்று பழக்கமாகும்? விரதம் இருப்பவர்கள் நம் பக்கத்தில் ஒரு மண்டலம், 48 நாள் என்று கணக்கு வைப்பார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போவது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எங்கள் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவளுக்கு ஒரு நாள் விட்டுப்போகத்தான் செய்யும். மறுநாள் தொடர்ந்தால் கணக்கு சரியாகிவிடும்.

இனி பழக்கங்கள்.

நடையைப் பஸ்ஸோடு முடிச்சிட்டேன். அவிநாசி சாலையில் காந்தி நகரை ஒட்டி எங்கள் கம்பெனி. காலையில் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிடுகிறேன். மாலையில் ஒரு நிறுத்தம் நடந்துபோய் பஸ் ஏறுகிறேன். ஒரு நடைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். நாளுக்கு 25 நிமிடம், வாரத்தில் ஆறு நாள் என்றால் 150 நிமிடம். வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அப்படியே கிடைத்துவிடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே நிறுத்தம் மாறினாலும் செலவு மாறுவதில்லை. வீட்டில் கிளம்பும் நேரத்தில் மட்டும் பத்து நிமிடம் முன்னால் நகர்த்தினேன். கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும். பேசிக்கொண்டே போகலாம், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். கம்பெனி வேனில் வருகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் உண்டு முடித்துக் காம்பவுண்டைச் சுற்றி நடக்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான். சாப்பிட்ட கையோடு மெஷினில் குனிந்து உட்காரும்போது வரும் அசதி பெரிதும் குறைந்ததாக அவர்கள் சொல்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கூச்சமில்லாமல் எழுத வேண்டும். தையலிலும் செக்கிங்கிலும் இருக்கும் பெண்கள் பலர் அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். பீஸ் ரேட்டில், அதாவது முடித்த துணிகளின் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கு, எழுந்துபோகும் ஒவ்வொரு நிமிடமும் காசு. ஆனால் சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவிடும். தொற்று வந்தால் போகும் ஷிப்டுகளின் கூலியையும் மருந்துச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நாங்கள் இதை டீ நேரத்தோடு இணைத்தோம். டீ வருவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், டீ குடித்ததும் எல்லோரும் சேர்ந்து கழிப்பறைக்குப் போய்வருவது. தனியாக எழுந்துபோகத் தயங்குகிற புதுப் பெண்கள்கூடக் கூட்டத்தோடு போய்விடுகிறார்கள். சேர்ந்து போவது என்ற ஒன்றுதான் இந்தப் பழக்கத்தைக் காப்பாற்றியது.

அந்த டீயிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாளுக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன். ஏறக்குறைய 32 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டீயிலேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது. டீக்காரரிடம் "அண்ணா, எங்கள் டேபிளுக்குச் சர்க்கரை பாதி" என்று ஒருமுறை சொல்லிவைத்தோம். தினமும் நாவோடு போராட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. நாலு மணி டீயோடு வரும் பப்ஸுக்குப் பதில், முதல் நாள் இரவு ஊறவைத்த பாசிப்பயறோ அவித்த நிலக்கடலையோ ஆளுக்கொரு நாள் முறைவைத்துக் கொண்டுவருகிறோம். கொள்ளும் கம்பும் நிலக்கடலையும் விளையும் சீமையில் இருந்துகொண்டு மைதாவில் பசியாறுவது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சனிக்கிழமைதோறும் பார்ப்பது அதைத்தான்.

காங்கயம் பக்கத்தில் என் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, வீடு. கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், நான்கு எருமை, சில ஆடுகள், ஒரு சாளை வீடு. பால் காசில் ஒரு பங்கை அம்மிச்சி யாருக்கும் சொல்லாமல் கம்பு கொட்டிவைத்த அடுக்குப் பானையில் போட்டுவைப்பார். சிறுவாடு என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அறிந்த சேமிப்பு அது. பால் காசு கைக்கு வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம் பானையைத் திறப்பதுதான். கைவிரல்கள் கம்புக்குள் மணிக்கட்டுவரை புதையும். காசை அடியில் வைத்து, மேலே கம்பைச் சமன்செய்து, மூடியைப் போட்டுவிட்டுத்தான் மிச்சப் பணத்தை எண்ணுவார். "எண்ணிய பிறகு எடுத்துவைக்க மனசு வராது கண்ணு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்தப் பானையிலிருந்து வந்தது.

இன்று சம்பளம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. போனைத் தட்டினால் காசு போய்விடுகிறது; போவது கண்ணுக்கே தெரிவதில்லை. அம்மிச்சியின் வரிசையை இங்கே கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை சம்பளம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்ததும், கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்கு முன், ஒரு தொகையை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். போனில் பணப்பரிமாற்றம் செய்யாத கணக்காக அது இருப்பது முக்கியம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், வழியில் மளிகைக் கடைப் பாக்கியும் கேபிள் காசும் அதைத் தின்றுவிடும்.

இப்படி ஒதுக்கியதை மாதம் ஒருமுறை அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டலாம். மாதம் 100 ரூபாய் இருந்தாலே கணக்கைத் தொடங்க முடியும். ஐந்து ஆண்டுகள், 60 தவணை. வாரம் 150 ரூபாய் வீதம் மாதம் 600 என்று வையுங்கள். ஐந்தாண்டு முடிவில் வட்டி சேராமலே 36,000 ரூபாய் உங்களுடையது. ஓராண்டு தவறாமல் கட்டியிருந்தால், இருப்பில் பாதிவரை கடனாகவும் பெறலாம். அவசரத்துக்கு வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

சீட்டு கட்டுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் சீட்டு நடத்தக் கூடாது. தீபாவளிச் சீட்டானாலும் ஏலச் சீட்டானாலும் "அக்கா, பதிவு எண் என்ன?" என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். தெரிந்தவர்தானே, கேட்டால் முகம் வாடிவிடுவாரே என்று தயங்குகிறோம். பணம் போன பிறகு அந்த உறவும் போய்விடுகிறது. வாரத் தவணைக் கடன் வாங்கியிருப்பவர்கள் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: கையில் வாங்கிய தொகை, கட்டி முடிக்கும்போது கொடுத்திருக்கும் மொத்தத் தொகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எங்கள் பகுதிப் பெண்கள் பலர் இரண்டாவது கடனுக்குக் கையெழுத்துப் போடவில்லை.

செலவு நோட்டு என்று தனியாகக் கடையில் வாங்க வேண்டாம். கையடக்கமான எந்த நோட்டும் போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. சனிக்கிழமை மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வாரத்துக்கு எழுதி முடித்துவிடலாம். பைசா சுத்தமாக எழுத வேண்டும் என்று நினைத்தால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். பெரிய செலவுகளைத் தனித்தனியாகவும், மற்றதைப் பொடிச் செலவு என்று ஒரே வரியிலும் எழுதினால் நிலைக்கிறது.

போனும் தூக்கமும் ஒரே விஷயம்தான். காலண்டர்த் தாள்களில் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்தது, படுத்த பிறகு போனில் கரையும் அரை மணி நேரம். பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவளுக்கு ஆறரை மணி நேரம்தான் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து முன்னறையில் மாட்டிவிட்டேன். எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். விளக்கை அணைக்கும் முன் போனை அங்கே செருகிவிட்டுத்தான் உள்ளே வருவது. மன உறுதியைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். சார்ஜர் மாட்டும் இடத்தை மாற்றியது அதைவிட உதவியது.

படிப்பைப் பற்றிச் சொல்லும்போது, எங்கள் செக்கிங் மேசையில் வேலை செய்யும் ஒடிசாப் பெண்ணைச் சொல்லாமல் இருக்க முடியாது. வந்த புதிதில் தமிழ் பேசப் பழகிவிட்டாள், படிக்கத் தெரியாது. பஸ் போர்டைப் படிக்க முடியாமல் யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள். ஒரு தை மாதம், நாலு மணி டீ நேரத்தில் நாளுக்கு ஓர் எழுத்து என்று தொடங்கினோம். கழித்துப்போட்ட துணி டேக்குகளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் நான் ஓர் எழுத்தை எழுதிக் கொடுப்பேன்; அவள் அதைப் பார்த்துக் கீழே மூன்று முறை எழுதுவாள். துணியில் பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் எப்போதும் அவள் விரல் நுனியில் இருக்கும். தான் எழுதியதில் எது கோணலோ அதன்மேல் அவளே ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "அக்கா, இது ரிஜெக்ட்" என்பாள். திருத்தி எழுதியதை என்னிடம் நீட்டுவாள். அந்த டேக்குகளை நூலில் கோத்து மேசைக் காலில் தொங்கவிட்டிருந்தாள். ஒரு நாள் காலை வேலைக்கு வந்ததும் வராததுமாக, "அக்கா, பல்லடம் பஸ்ஸை நானே படித்தேன்" என்றாள். அன்று முழுவதும் எங்கள் மேசையில் அதே பேச்சு. பதிலுக்கு அவள் எனக்கு எண்ணிக்கை கற்றுக்கொடுத்தாள்: ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச. ஒடியாத் தொழிலாளர்களின் ஷிப்ட் கணக்கை அவர்கள் மொழியிலேயே சொல்லிக் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் நிம்மதி எனக்குப் பெரிய பலன்.

புத்தகம் படிக்கவும் இதே டீ நேரமோ பஸ்ஸோ போதும். நாளுக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு எழுநூறு பக்கத்துக்கு மேல் வருகிறது. பையில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் புத்தகம் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

கடைசியாக, தினசரிப் பழக்கம் அல்லாத, ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஒரு வேலை. என் தொழில் காரணமாக இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது சாதாரணம். உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வாழ்நாள் முழுவதற்கும் யுஏஎன் என்ற ஒரே வைப்பு நிதி எண். புதிய கம்பெனியில் சேரும்போது பழைய எண்ணைக் கொடுக்காமல் விட்டால், இன்னொரு எண் விழுந்து, பழைய பணம் தனியாகக் கிடக்கும். அந்தச் சேவை ஆண்டுகளும் கணக்கில் சேராமல் நிற்கும். ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுச் சேவை வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடுகிறவர்கள் அந்தப் பத்தாண்டை எட்டுவதே இல்லை. நான்கைந்து கம்பெனிகளில் உழைத்த ஒரு பெண் ஐம்பத்தெட்டு வயதில் வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்கும் வேதனை, இந்த எண்ணை எழுதிவைக்கச் சொல்லி நச்சரிக்க வைக்கிறது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யுஏஎன் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். வைப்பு நிதிப் பாஸ்புக்கில் எல்லா மாதத் தொகையும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு எழுத்து வேறுபட்டாலும் பணம் எடுக்கும்போது அலைய வேண்டிவரும்.

ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டு அட்டையையும் அன்றே எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். மருந்து மாத்திரைக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களாவது சந்தா கட்டப்பட்டிருந்தால், நோய்வாய்ப்பட்டு வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்று வேண்டும். காய்ச்சலோடு மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் இதை நான் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். எங்களில் பெரும்பாலோர் ஒரு தைக்கு ஒன்று, சித்திரைக்கு இன்னொன்று என்றுதான் சேர்த்துக்கொண்டோம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், தூக்கம் ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் சார்ஜரிலிருந்து தொடங்குங்கள் என்பேன். தூங்காத உடம்பில் வேறெந்தப் பழக்கமும் தங்காது. மற்றவர்களுக்குச் சனிக்கிழமைப் பணம். அதன் பலன் எண்ணிப் பார்க்கும்படியாக இருப்பதால் அடுத்ததைத் தொடங்கத் தெம்பு வரும்.

இந்தப் பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்ததும், முதல் சம்பளத்துக்கு அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் மேசைப் பெண்கள் சிலர் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்க அஞ்சலகம் போகிறார்கள். ஒடிசாப் பெண்ணும் வருகிறாள். விண்ணப்பத்தில் தன் பெயரைத் தமிழில் கையெழுத்திடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படம், முதல் தவணைப் பணம் ஆகியவற்றைச் சனிக்கிழமையே பையில் எடுத்துவைக்கும்படி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பான் அட்டை இல்லாத இருவருக்கு இந்த வாரமே விண்ணப்பித்தாகிவிட்டது.